கிட்டத்தட்ட ஒரே வயது, இரண்டு ரம்: மணம் பீப்பாவிலா, வாலையிலா?

வடமராட்சியான்:
போன கிழமை ரொறன்ரோவில் இருந்து வந்த மைத்துனர் இரண்டு போத்தல் கொண்டு வந்தார். ஒன்று கியூபாவின் ஹவானா கிளப், 7 ஆண்டு. மற்றது ஜமேக்காவின் ஹம்டன் எஸ்டேட், 8 ஆண்டு. கோண்டாவில் வீட்டு விறாந்தையில் இருந்தோம். மின்சாரம் போய்விட்டது. இருட்டில் நிறம் தெரியவில்லை, மூக்குக்கு மட்டும்தான் வேலை.

கியூபாக்காரர் நல்ல பிள்ளை. வனிலா, கொஞ்சம் தேன், கொஞ்சம் சுருட்டு. ஹம்டன் போத்தலைத் திறந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, உள்ளே இருந்த மாமி "ஆர் இந்த நேரத்தில பலாப்பழம் வெட்டுறது?" என்று கேட்டா. எனக்குக் கனிந்து ஒழுகும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அன்னாசியும் தெரிந்தன. கூடவே சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூஷன் மணம் ஒன்று. முதல் மிடறு பிடிக்கவில்லை. மூன்றாவது மிடறுக்குப் பிறகு கியூபா ரம் தண்ணீர் மாதிரிப் போய்விட்டது.

என் கேள்வி இதுதான். இரண்டுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். இரண்டும் வெக்கை நாட்டில், ஓக் பீப்பாவில் கிடந்தவை. பிறகு ஏன் இப்படி? பீப்பா வேறாக இருக்கும் என்கிறார் மைத்துனர். எனக்கு நம்பிக்கையில்லை.

குட்டான்:
பீப்பாதான் அண்ணை. எந்தச் சாராயமும் வடிந்து விழும்போது தண்ணீர் நிறம். நிறமும் மணமும் மரம் கொடுப்பது. ஸ்கொட்லாந்துக்காரர் பன்னிரண்டு வருடம் பதினெட்டு வருடம் என்று போத்தலில் பெரிதாக அச்சடிப்பது சும்மாவா?

இரசாயன வாத்தி:
குட்டான் தம்பி சொல்வதில் பாதி சரி. நிறம் மரத்தில் இருந்து வருவது. (சில கொம்பனிகளில் கருக்கிய சீனியில் இருந்தும் வரும், அது வேறு கதை.) மற்றப் பாதிக்கு உயர்தர வகுப்பில் படித்த பகுதிபடக் காய்ச்சி வடித்தலை ஞாபகப்படுத்த வேண்டும்.

சாராயத்தில் உள்ள அற்ககோலான எதனோல் 78 பாகையில் கொதிக்கும், தண்ணீர் 100இல். இவை இரண்டும் மட்டும் இருந்தால் உலகத்தில் ஒரே ஒரு சாராயம்தான் இருக்கும். ரம்முக்காகப் புளிக்க வைத்த கரும்புப் பாகில் இன்னும் நூற்றுக்கணக்கான சாமான் கிடக்கிறது. சிலது எதனோலுக்கு முன்னே ஓடும், சிலது தண்ணீரோடு கடைசியில் தள்ளாடி வரும். இதில் எதை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே மறிப்பது என்பதுதான் வாலையின் வேலை. வாலை என்பது நம் பழைய வைத்தியர்கள் வடிகலத்துக்குச் சொன்ன சொல். எனக்குப் பிடித்த சொல், அதையே எழுதுகிறேன்.

வாலையில் இரண்டு பெரிய வகை. ஒன்று பானை. செப்புப் பானையில் காய்ச்சினால் ஆவி ஒருமுறை எழும்பி, ஒருமுறை குளிர்ந்து வடியும். 7, 8 சதவீதத்தில் இருந்த பாகு முதல் வடிப்பில் 25, 30 சதவீதம் ஆகும். அதை மறுபடி வடித்தால் 70ஐ ஒட்டி வரும். பானை அவ்வளவு கெட்டியான வடிகட்டி இல்லை. நல்லதும் கெட்டதுமாக நிறைய மணம் கூட ஏறி வந்துவிடும்.

மற்றது கொலம் ஸ்டில். பார்க்கக் கோபுரம் மாதிரி இருப்பதால் கோபுரம் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே தட்டுத் தட்டாக இருக்கும். கீழே இருந்து ஆவி ஏறும், மேலே இருந்து திரவம் இறங்கும். ஒவ்வொரு தட்டும் ஒரு சின்னப் பானை. முப்பது தட்டு இருந்தால் கிட்டத்தட்ட முப்பது தரம் வடித்த மாதிரி. உச்சியில் எடுத்தால் 95 சதவீதம் வரைக்கும் போகும். அந்த உயரத்தில் எதனோலைத் தவிர மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தான், மணத்துக்கு அங்கே இடமே இல்லை. இதை 1830இல் பேடன்ட் எடுத்தவர் ஏனியஸ் கோஃபி. அயர்லாந்தில் கள்ளச் சாராயம் பிடித்துத் திரிந்த மதுவரி அதிகாரி அவர்.

கியூபா ரம் கோபுரத்தில் வடிப்பது. ஹம்டன் முழுக்கப் பானை. அதுவும் வெறும் பானை இல்லை. பானைக்கும் குளிர்த்திக்கும் நடுவில் இரண்டு செப்புக் கலங்கள் இருக்கும். போன தடவை வடித்ததில் மிஞ்சிய மென்சாராயம் ஒன்றிலும், கடுஞ்சாராயம் மற்றதிலும் கிடக்கும். பானையில் இருந்து வரும் ஆவி இவை இரண்டுக்குள்ளும் புகுந்து கொதித்து வெளியே வரும். ஒருமுறை அடுப்பு மூட்டினால் மூன்று வடிப்பு. வெளியே வருவது 80 சதவீதத்துக்கு மேல், ஆனால் மணத்தை விட்டுவிட்டு வருவதில்லை. பழைய சாராயத்தில் தேங்கிய அமிலங்களும் அற்ககோலும் அந்தச் சூட்டில் சேர்ந்து எசுத்தர் என்னும் பழமணச் சேர்வைகள் ஆகின்றன. மாமிக்குப் பலாப்பழமாகத் தெரிந்தது அதுதான்.

இன்னும் ஒரு படி கீழே போக வேண்டும். எசுத்தர் வர அமிலம் வேண்டும். ஜமேக்காவில் பாகை ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று புளிக்க விடுவார்கள். அதற்குள் டண்டர் ஊற்றுவார்கள். டண்டர் என்றால் போன வடிப்பில் பானையின் அடியில் மிஞ்சிய புளித்த கழிவு. அதில் பக்டீரியாக்கள் திருவிழா நடத்தும். நாற்றமடிக்கிற பியூட்டரிக் அமிலம், கெட்டுப்போன வெண்ணெய் மணம் அது, எதனோலோடு சேர்ந்தவுடன் அன்னாசி ஆகிவிடும். இரசாயனத்தில் எனக்குப் பிடித்த தந்திரம் இது.

ஜமேக்காவின் கடும் ரம்களை எசுத்தர் அளவால்தான் வகுப்பார்கள். 100 லீற்றர் தூய அற்ககோலுக்கு 1600 கிராம் வரை போகலாம் என்பது அங்கே உச்ச வரம்பு. அந்த உச்சத்தில் உள்ளதைத் தனியாகக் குடிக்க முடியாது. மற்ற ரம்முக்கும் மிட்டாய்க்கும் மணம் கூட்டத் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். 8 ஆண்டு போத்தலில் அவ்வளவு இல்லை.

மரம் கொஞ்சம் தரும், கொஞ்சம் எடுக்கும். ஆனால் கோபுரத்துத் தட்டில் மறிபட்டு நின்ற அன்னாசியை எட்டு வருடம் பீப்பாவில் படுத்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

குட்டான்:
மாஸ்டர், அப்படியென்றால் கள்ளமாக வடிக்கிற கசிப்பும் பானையில் வடித்ததுதானே. அதில் ஏன் அன்னாசி மணக்கவில்லை? ஒருமுறை செத்த வீடு ஒன்றில் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன், அடுத்த நாள் நானே செத்த மாதிரிக் கிடந்தேன்.

மட்டுறுத்துநர்:
சுவை பற்றிக் கதையுங்கள், தடையில்லை. வீட்டில் வடிக்கும் செய்முறை யாரும் எழுத வேண்டாம், எழுதினால் நீக்கப்படும். 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இரசாயன வாத்தி:
செய்முறை இல்லை, குறைமுறைதான் சொல்கிறேன். கசிப்பில் பிழைப்பது மூன்று. ஒன்று, அது சீனியையும் ஈஸ்ட்டையும் அவசரமாகப் புளிக்க வைத்தது. அமிலம் வளர நேரமில்லை, வளர்ந்தாலும் கண்டபடி வளரும். இரண்டு, செம்பு இல்லை. புளிப்பில் உண்டாகும் கந்தகச் சேர்வைகளைச் செம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். தகரப் பீப்பாவில் காய்ச்சினால் அந்தக் கூழ்முட்டை நாற்றம் அப்படியே போத்தலுக்கு வரும். மூன்றாவதுதான் பெரியது, வெட்டு. பானையில் வடியும்போது முதலில் வருவதை ஒதுக்குவார்கள், அதில் நகப்பூச்சு மணம் கொடுக்கும் சாமான் கூட. கடைசியில் வருவதையும் ஒதுக்குவார்கள், அது ஈரச்சாக்கு மணம், எண்ணெய்ப் பசை. நடுவில் வருவதுதான் பீப்பாவுக்குப் போகும். கசிப்புக்காரருக்கு எல்லாமே காசு. முதலில் வருவதும் போத்தலில், கடைசியில் வருவதும் போத்தலில்.

ஒரு மூடநம்பிக்கையையும் இங்கேயே உடைத்துவிடுகிறேன். முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் நச்சு மெதனோல் போய்விடும், பிறகு பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. மெதனோலின் கொதிநிலை 65ஐ ஒட்டி இருந்தாலும், தண்ணீரும் எதனோலும் கலந்த பானையில் அது முதலில் மட்டும் வந்து முடிவதில்லை, தொடக்கம் முதல் கடைசி வரை கசிந்துகொண்டே வரும். சீனியைப் புளிக்க வைத்தால் மெதனோல் மிகக் குறைவு. ஆட்கள் கண் போய்ச் சாவது பெரும்பாலும் யாரோ தொழிற்சாலை மெதனோலைக் கலந்ததால். முகர்ந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நல்லூர்க்காரி:
உணவு விஞ்ஞானம் படித்தவள் என்ற முறையில் ஒரு மறுப்பு. மாஸ்டர் எழுதியதை வாசித்தால் பானை என்றால் உயர்சாதி, கோபுரம் என்றால் வெறும் ஸ்பிரிட் என்ற எண்ணம் வருகிறது. கோபுரம் எவ்வளவு உயரம் என்பதை விட, எந்தச் சதவீதத்தில் எடுக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

மார்ட்டினிக் தீவில் மொலாசஸில் (சீனி எடுத்த பிறகு மிஞ்சும் கரும்புப் பாகு) இல்லாமல் கரும்புச் சாற்றிலேயே ரம் செய்கிறார்கள். வடிப்பது கோபுரத்தில்தான். ஆனால் தட்டுக் குறைவு, 65க்கும் 75க்கும் இடையில் எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம், 1996இல் கிடைத்த பிரெஞ்சுப் புவிசார் சான்றின் கீழ் வருவது. அதை முகர்ந்தால் அப்போதுதான் வெட்டிய கரும்பு, பச்சைப் புல். அமெரிக்க பேர்பன் விஸ்கிக்காரரும் பெரும்பாலும் கோபுரம்தான் பாவிக்கிறார்கள், ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் வடிக்கக்கூடாது. பார்படோஸில் ஃபோர்ஸ்குவெயார் என்றொரு வடிசாலை பானையில் வடித்ததையும் கோபுரத்தில் வடித்ததையும் பீப்பாவிலேயே கலந்து முதுமையாக்குகிறது. ஒன்று உடம்பு, மற்றது மூக்கு.

மணத்தை ஒப்பிடும்போது இரண்டையும் தண்ணீர் விட்டு 20 சதவீதத்துக்குக் கொண்டு வந்து முகர்ந்து பாருங்கள் வடமராட்சியான் அண்ணா. ஹம்டனின் 46 சதவீதத்தையும் ஹவானா கிளப்பின் 40 சதவீதத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் அற்ககோல்தான் கத்தும்.

இரசாயன வாத்தி:
ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. கோபுரத்தைத் திட்டவில்லை, உச்சியில் எடுப்பதைத்தான் சொன்னேன். எழுதும்போது கை கொஞ்சம் நீண்டுவிட்டது.

ரொறன்ரோ மாமா:
போத்தல் கொண்டு வந்த குற்றவாளி நான்தான். இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் கயானாக்காரர். அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தை முதலில் நான் நம்பவில்லை, தேடிப் பார்த்தேன், உண்மைதான். டெமராரா ஆற்றங்கரையில் டயமண்ட் என்ற வடிசாலையில் இன்றைக்கும் மர வாலைகள் வேலை செய்கின்றன. மரம்! கிரீன்ஹார்ட் என்று அங்கே காட்டில் வளரும் கல்லு மாதிரியான மரம். போர்ட் மூரான்ட் என்று பெயர், இரட்டை மரப்பானை. வெர்சாய் என்று ஒற்றை மரப்பானை. என்மோர் என்று மரத்தாலேயே கோஃபி கோபுரம். தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது வாலைகளை மட்டும் கழற்றி ஒரே இடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். தோட்டம் போய்விட்டது, அதன் மணம் இருக்கிறது.

கழுத்தும் குழாயும் செம்பு, உடம்பு மரம். அதனால் செம்பு தொடும் இடம் குறைவு, ரம் கனமாக வருகிறது. போர்ட் மூரான்டில் வடித்ததற்கு அதிமதுரம், தார், உலர்ந்த முந்திரிகை மணம். மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயையும் மெசினில் ஆட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆட்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

குட்டான்:
எல்லாரும் சேர்ந்து என்னை மூலையில் தள்ளுகிறீர்கள். சரி, வாலை தேர்ந்தெடுக்கிறது. அதன் பிறகு எட்டு வருடம் மரத்துக்குள் ஒன்றுமே நடப்பதில்லையா? அப்படியென்றால் ஏன் வைத்திருக்கிறார்கள், பேசாமல் விற்கலாமே.

இரசாயன வாத்தி:
நல்ல கேள்வி. நிறைய நடக்கும். பீப்பா பெரும்பாலும் பேர்பன் போட்டுக் காலியானது, 200 லீற்றர் அளவு, உள்ளே சுட்டுக் கரியாக்கியது. சுட்ட மரத்தில் இருந்து வனிலின் வரும், துவர்ப்பு வரும். கரி கந்தகத்தை இழுக்கும். பலகையின் இடுக்கால் காற்றுப் போய்வந்து சில சேர்வைகளை ஒட்சியேற்றும். புது எசுத்தரும் கொஞ்சம் பிறக்கும், அதில் அதிகம் அந்தச் சொலூஷன் மணம்தான்.

கூடவே ஆவியாதல். ஸ்கொட்லாந்தில் வருடத்துக்கு 2 சதவீதம் போல் போகும். கரிபியன் வெக்கையில் 6 என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடத்தில் ஸ்கொட்லாந்துப் பீப்பாவில் 85 சதவீதம் மிஞ்சும், ஜமேக்காவில் 61தான் மிஞ்சும். பன்னிரண்டு வருடம் வைத்தால் பாதிக்கும் கீழே. யாழ்ப்பாணத்து வைகாசி வெயிலில் பீப்பா வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

போவது தண்ணீரும் எதனோலும். கனமான மணங்கள் பின்தங்கிச் செறியும். இதுதான் இடம்: செறிவதற்கு உள்ளே மணம் இருந்திருக்க வேண்டும். கோபுர உச்சியில் எடுத்ததை வைத்தால் மரத்தின் மணம்தான் செறியும். அதனால்தான் மெல்லிய ரம்கள் வயதாக ஆக ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிடுகின்றன. பானை ரம் வயதானாலும் தன் முகத்தை வைத்திருக்கும்.

வடமராட்சியான்:
விமான நிலையக் கடையில் ஒருமுறை பெரிய எண் போட்ட ரம் ஒன்று வாங்கி ஏமாந்தது ஞாபகம் வருகிறது. குடித்தால் பாணிப் போத்தல். சோலேரா என்று பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

நல்லூர்க்காரி:
சோலேரா முறையில் பழையதோடு புதியதைக் கலந்துகொண்டே போவார்கள் அண்ணா. அந்த எண்ணை வயது என்று எடுக்கக்கூடாது. இனிப்புத் தூக்கலாக இருந்தால் சீனி சேர்த்திருப்பார்கள். வடித்த எந்தச் சாராயத்திலும் சீனி தானாக இருக்காது, சீனிக்கு ஆவியாகி ஏறத் தெரியாது.

திக்கம் பக்கத்தான்:
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு கதைத்தும் ஊர்ச் சாராயத்தை ஒருவரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா சீவல் தொழிலாளி. காலையும் மாலையும் பனை ஏறி இறங்குவார். பாளையைச் சீவி முட்டி கட்டுவார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. கள்ளுக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. முட்டிதான் ஈஸ்ட். முட்டியைத் தேய்த்துச் சுத்தமாக்க அப்பா விடமாட்டார், அலசிக் கவிழ்ப்பதோடு சரி. ஒருமுறை நான் ஆசையாகச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்தேன். அந்த முட்டிக் கள்ளு இரண்டு நாளைக்குச் சப்பென்று இருந்தது, வாங்கிய ஏச்சு மறக்கவில்லை. மாஸ்டர் டண்டர் என்று எழுதியதை வாசித்தபோது எனக்கு அந்த முட்டிதான் கண்ணில் தெரிந்தது. பழையதில் கொஞ்சம் புதியதுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

பனங்கள்ளு நிற்காது. மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கும், பின்னேரம் ஆனால் புளிப்பு, அடுத்த நாள் வினாகிரி. தவறணையில் விற்று மிஞ்சியதுதான் வடிசாலைக்குப் போகும். பங்குனி சித்திரையில் கள்ளு பெருகி வழியும் காலத்தில் பவுசரில் ஏற்றிப் போவார்கள். பனஞ்சாராயத்துக்கு இருக்கிற அந்த மணம், சிலர் முகம் சுளிப்பார்களே, அது வாலையில் பிறந்ததில்லை. வரும் வழியில் கள்ளு ஏறிய புளிப்பு அதில் இருக்கிறது. வாலை அதை மறிக்காமல் விடுகிறது. முழுக்க மறித்தால் அதைப் பனை என்று யார் சொல்வார்கள்?

தென்னஞ்சாராயத்தை வைக்கும் பெரிய தொட்டிகளுக்குச் சிங்களத்தில் ஹல்மில்ல என்னும் மரம். நாங்கள் சாவண்டலை என்போம், திருகோணமலை மரம் என்றும் வெளிநாட்டுக்காரருக்குப் பெயர். வள்ளம் கட்டுகிற மரம் அது. சுட்ட ஓக்கின் வனிலா அதில் இல்லை. அதனால் எங்கள் சாராயத்தில் மரத்தின் பேச்சுக் குறைவு, கள்ளின் பேச்சும் வாலையின் பேச்சும்தான் கேட்கும். குட்டான் தம்பி கேட்டதற்குப் பதில் உள்ளூர்ப் போத்தலிலேயே இருக்கிறது. தனித் தென்னஞ்சாராயம் ஒன்றும், ஸ்பிரிட் கலந்த மலிவானது ஒன்றும் வாங்கிப் பக்கத்தில் வைத்து முகரட்டும். நிறம் இரண்டும் ஒன்றுதான்.

குட்டான்:
முகர்ந்தேன். தங்கச்சி சொன்ன மாதிரித் தண்ணீர் விட்டு முகர்ந்தேன். மலிவானதில் கருக்கிய சீனியும் கொஞ்சம் ஊசி போடும் பஞ்சும் மணக்கிறது. மற்றதில் பூ மணம், இளநீர் வழுக்கை மாதிரி ஒன்று. ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுக்க இல்லை. மரம் இல்லாத ரம் ஒன்றைக் குடித்துப் பார்க்காமல் என் கட்சியை விடமாட்டேன்.

இரசாயன வாத்தி:
நியாயமான நிபந்தனை. மரம் தொடாத வெள்ளை ரம்கள் இருக்கின்றன. ஜமேக்காவின் ரே அன்ட் நெஃபியூ வெள்ளை, 63 சதவீதம், கவனமாகத் தொட வேண்டும். மார்ட்டினிக்கின் வெள்ளை ரம், 50 சதவீதம், தங்கச்சி சொன்ன குறைந்த தட்டுக் கோபுரம். பக்கத்தில் ஒரு சாதாரண வெள்ளை பக்கார்டி வையுங்கள். அதைக் கொஞ்சக் காலம் மரத்தில் வைத்துக் கரியால் வடிகட்டி நிறத்தை நீக்கியிருப்பார்கள், இருந்தாலும் உச்சியில் வடித்தது எப்படி இருக்கும் என்று பார்க்க அது போதும். மூன்றும் கண்ணுக்குத் தண்ணீர். விறாந்தையில் விளக்கே வேண்டாம்.

ரொறன்ரோ மாமா:
ஆவணியில் வருகிறேன். மூன்றையும் கொண்டு வரட்டோ?

மட்டுறுத்துநர்:
நல்லூர்க் கொடியேற்றத்துக்கும் தீர்த்தத்துக்கும் நடுவில் வந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். இருபத்தைந்து நாளும் இந்த இழைக்கும் பூட்டு.

திக்கம் பக்கத்தான்:
பூங்காவனம் முடிந்து மறுநாள் வாருங்கள். நாலாவது போத்தல் என் பொறுப்பு. கருப்பணி கேட்கிற ஆட்கள் மட்டும் முதலே சொல்லுங்கள், அந்த நேரத்தில் கிடைப்பது கஷ்டம்.